ஓரத்தில் எழுதிய கை: சான் மில்யான் மடமும் மக்கள் மொழியும்



இந்த நினைவுரைக்குத் தலைப்பு கேட்டபோது, ஸ்பெயினில் இருக்கும் ஒரு மடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அழைத்த தோழர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "சரி தோழர், நம்ம ஆட்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு முதல்லயே சொல்லிடுங்க" என்றார். நியாயமான கேள்வி. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொழி பிறந்த இடம் என்று ஒரு நாடே கொண்டாடும் கட்டடம் அது. அந்த மொழியை யார் பேசினார்கள், யார் எழுதினார்கள், எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரிடம் என்னென்ன வசூலித்தார்கள் என்ற கணக்கு முழுவதும் அங்கே ஒரே இடத்தில் கிடக்கிறது. யாருடைய பேச்சு ஆவணமாகிறது என்று இந்த மன்றம் கேட்டுவரும் கேள்விக்கு அந்தக் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வட ஸ்பெயினில் லா ரியோஹா என்றொரு பகுதி. திராட்சை மதுவுக்குப் பேர்போனது. அதன் தலைநகரான லொக்ரோன்யோவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், மலையடிவாரப் பள்ளத்தாக்கில், சான் மில்யான் தெ லா கொகொய்யா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இரண்டு மடங்கள். மேலே காட்டுச் சரிவில் இருப்பதற்குச் சூசோ என்று பெயர். கீழே பள்ளத்தாக்கில் இருப்பது யூசோ. பெயர்களில் மர்மம் எதுவும் இல்லை; பழைய ஸ்பானிய மொழியில் சூசோ என்றால் மேலே, யூசோ என்றால் கீழே. நம் மேலத்தெரு, கீழத்தெரு மாதிரிதான். ஆனால் இங்கே ஏழையின் குகை மேலே இருக்கிறது, சொத்துள்ள மடம் கீழே இருக்கிறது. 1997-இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கீழ்மடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு சிறு பேருந்தில் மேலே ஏற வேண்டும். சூசோ மிகச் சிறியது. பாறையில் குடைந்த குகைகள், அவற்றை ஒட்டி எழுப்பிய ஒரு சிறு கோயில், அதில் குதிரை லாட வடிவ வளைவுகள். அந்த வளைவுகளைப் பார்த்தவுடனே தெற்கின் முஸ்லிம் அரசுகளுடைய கட்டடக்கலை நினைவுக்கு வரும். கோயில் 984-இல் புனிதப்படுத்தப்பட்டதாகச் சொல்கிறார்கள். முஸ்லிம் அரசை எதிர்த்து நின்ற கிறித்தவ எல்லைநாட்டின் கோயில், தான் எதிர்த்தவனின் வளைவைத் தலையில் தாங்கி நிற்கிறது. வழிகாட்டி அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்.

அந்தக் குகையில் இருந்தவர்தான் மில்யான். லத்தீனில் எமிலியானுஸ். பிறந்தது 473, இறந்தது 574, வயது 101 என்பது மரபு. அவர் ஆடு மேய்த்தவர். இறந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, சராகோசா நகர ஆயர் பிரவுலியோ அவருடைய வரலாற்றை லத்தீனில் எழுதினார். ஆயர் எழுதியது என்றாலும் அதில் சில விஷயங்கள் தப்பிப் பிழைத்து நிற்கின்றன. ஒன்று, மில்யானுக்குப் படிப்பு அதிகமில்லை. திருப்பாடல்களில் முதல் எட்டைத் தாண்டி அவர் மனப்பாடம் செய்யவே இல்லை. இரண்டு, தராசோனா ஆயர் திதிமோ அவரை வற்புறுத்திக் குருவாக்கி, சொந்த ஊர்க் கோயிலில் அமர்த்தினார். மில்யான் அங்கே செய்த வேலை, கோயில் சொத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தது. உடனிருந்த குருமார்கள் ஆயரிடம் போய், கோயிலுக்கு நட்டம் உண்டாக்குகிறான் என்று புகார் சொன்னார்கள். ஆயர் கோபித்தார், பதவி பறிபோனது. அதன்பிறகுதான் மில்யான் குகைக்குத் திரும்பினார்.

ஆக, இந்த மடத்தின் தொடக்கத்தில் இருப்பவர், கோயில் சொத்தைப் பகிர்ந்து கொடுத்த குற்றத்துக்காக வெளியேற்றப்பட்ட மேய்ப்பர். சமூகவியல் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்தது கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் நடப்பது. செத்தவரின் எலும்புக்கு மதிப்பு வந்தது. 1053-இல் நாஹெரா அரசர் கார்சியா அந்த எலும்புகளைத் தன் தலைநகரில் தான் கட்டிய கோயிலுக்கு எடுத்துப்போக முயன்றார். எருதுகள் பள்ளத்தாக்கு வரை இழுத்து வந்தன, அதற்குமேல் ஓர் அடி வைக்க மறுத்துவிட்டன, புனிதருக்கு ஊரை விட்டுப்போக விருப்பமில்லை என்று அரசர் புரிந்துகொண்டு அங்கேயே யூசோ மடத்தைக் கட்டினார் என்பது கதை. புனித எலும்பு இருக்கும் இடத்துக்கு யாத்திரிகர் வருவார், காணிக்கை வரும், நிலம் வரும். எருதுகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மடத்துத் துறவிகளுக்குத் தெரிந்திருக்கும்.

இன்று நாம் பார்க்கும் யூசோ 1504-இல் தொடங்கி அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்குமேல் கட்டியது. அரண்மனை மாதிரி இருக்கிறது. ஒரு பகுதியை இப்போது தங்கும் விடுதியாகவே நடத்துகிறார்கள். அதன் முகப்பு வாயில் 1661-இல் செய்தது. வாயிலுக்குமேல் ஒரு புடைப்புச் சிற்பம்: மில்யான் குதிரைமேல் ஏறி, வாளை ஓங்கி, முஸ்லிம் வீரர்களை மிதித்துக்கொண்டு பாய்கிறார். கோயிலுக்குள் முதன்மைப் பீடத்து ஓவியத்திலும் இதே காட்சி. எட்டுப் பாடலோடு படிப்பை நிறுத்திய கிழவர், போர்க்களத்தில் வானிலிருந்து இறங்கிக் கிறித்தவப் படைக்கு வெற்றி தேடித் தந்தார் என்று பிற்காலம் முடிவு செய்துவிட்டது. அந்த வாயிலின் கீழே நான் சற்று நேரம் நின்றேன். ஒரு மனிதரின் நினைவை எடுத்து அவர் செய்ததற்கு நேரெதிரான வேலைக்குப் பயன்படுத்த எத்தனை நூற்றாண்டு தேவைப்படும் என்று கணக்குப் போட்டால், இங்கே ஆயிரம் ஆண்டுக்குச் சற்று அதிகம்.

குதிரைக் கதைக்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. 934-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு பட்டயம் இந்த மடத்தில் இருந்தது. மில்யான் போரில் உதவியதற்கு நன்றியாக, காஸ்தீல் பிரபு ஃபெர்னான் கொன்சாலெஸ் எழுதிக்கொடுத்ததாம் அது. காஸ்தீலிலும் நவார்ராவிலும் உள்ள ஊர்கள் ஆண்டுதோறும் மடத்துக்குச் செலுத்த வேண்டியவை அதில் ஊர்வாரியாக இருக்கின்றன. இரும்பு விளையும் ஊர் இரும்பு கொடுக்க வேண்டும், மந்தை வைத்திருக்கும் ஊர் ஆடுமாடும் சீஸ் கட்டியும், திராட்சை விளையும் ஊர் மது. 'சான் மில்யான் நேர்ச்சைகள்' என்று அதற்குப் பெயர். நேர்ச்சை என்றால் ஒருவர் மனமுவந்து வேண்டிக்கொள்வது. இங்கே வேண்டிக்கொண்டதாகச் சொல்லப்படுபவர் பிரபு, கட்ட வேண்டியது குடிகள். அந்தப் பட்டயம் போலி. தேதியிட்ட காலத்துக்கு இரண்டு நூற்றாண்டு கழித்தோ அதற்கும் பிறகோ மடத்திலேயே தயாரானது என்பதில் இன்று வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. போலி ஆவணத்தை வைத்து மடம் தன் உரிமையைப் பின்வந்த நூற்றாண்டுகளிலும் கோரிக்கொண்டே இருந்தது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். மொழி பிறந்தது என்கிறார்களே, அது எங்கே நடந்தது?

ஒரு லத்தீன் கையெழுத்துப் பிரதி. 'எமிலியனென்சே 60' என்று அதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள். உள்ளடக்கம் விசேஷமானது அல்ல; துறவிகளின் கதைகள், வழிபாட்டுப் பகுதிகள், மறையுரைகள். அந்தக் காலத்து எந்த மடத்திலும் கிடைக்கக்கூடிய புத்தகம். ஆனால் பின்னால் யாரோ ஒருவர் அதை உட்கார்ந்து படித்திருக்கிறார். லத்தீன் அவருக்கு எளிதாக வரவில்லை, அல்லது லத்தீன் வராத ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது. கடினமான சொற்களுக்கு மேலேயும் பக்க ஓரத்திலும் எளிய சொல்லைக் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். வாக்கியம் சிக்கலாக இருக்கும் இடத்தில் சொற்களுக்குமேல் அ, ஆ, இ என்பதுபோல எழுத்துகளைப் போட்டு, இதை முதலில் படி, இதை அடுத்துப் படி என்று வரிசை காட்டியிருக்கிறார். எழுவாய் எது, யாருக்கு, எதை என்று அடையாளம் வைத்திருக்கிறார். குறிப்பு நோட்டு வைத்துத் தேர்வுக்குப் படித்த எந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் இந்தக் கையைத் தெரியும். நம் பழைய பாடப் புத்தகங்களின் ஓரங்கள் இப்படித்தான் இருந்தன.

மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள். பெரும்பாலானவை எளிமையான லத்தீன். நூற்றுச் சொச்சம் மட்டும் லத்தீன் அல்ல. அந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் வாயில் புழங்கிய பேச்சு. 'திடீரென்று' என்பதற்கு லத்தீனில் 'ரெபெந்தே' என்றிருக்கிறது. அவர் அருகே 'லுவெகோ' என்று எழுதுகிறார். 'இன்கொலுமெஸ்', அதாவது நலமாக, என்ற சொல்லுக்கு 'சானோஸ் எத் சல்போஸ்' என்று போடுகிறார். இன்றும் பயணம் போனவர் பத்திரமாக வந்து சேர்ந்தால் ஸ்பானியர்கள் இந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டாக ஒரு சொல் வாயிலேயே இருந்திருக்கிறது, ஒருமுறைதான் ஓரத்தில் ஏறியது என்று நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

இந்தக் குறிப்புகளை மானுவெல் கோமெஸ் மொரேனோ என்ற அறிஞர் 1911-இல் கவனித்துப் படியெடுத்தார். 1926-இல் மெனெந்தெஸ் பிதால் ஸ்பானிய மொழியின் தோற்றம் பற்றிய தன் நூலில் அவற்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். எழுதியது 977-ஐ ஒட்டி என்று முதலில் கருதினார்கள். இப்போது 11-ஆம் நூற்றாண்டு என்பவர்களே அதிகம். எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. புத்தகமும் அந்த மடத்தில் இல்லை. அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தபின், பல கைமாறி மாட்ரிட் வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மடத்தில் நாம் பார்ப்பது நகல்.

சொற்குறிப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் நீளமானது. 72-ஆம் தாளில், ஒரு மறையுரை முடியும் இடத்தில், லத்தீன் முடிவுரையை நாற்பதுக்குச் சற்று அதிகமான சொற்களில் மக்கள் பேச்சில் மாற்றி எழுதியிருக்கிறார். தனிச்சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக அந்தப் பேச்சு எழுத்தில் ஏறியது இங்கேதான் என்று பெருமைப்படுகிறார்கள். கவிஞரும் அறிஞருமான தாமாசோ அலொன்சோ இதை ஸ்பானிய மொழியின் முதல் குழந்தை அழுகைக்கு ஒப்பிட்டார். பிரெஞ்சின் முதல் சான்று அரசர்களின் உடன்படிக்கை, இத்தாலியத்தின் முதல் சான்று நில வழக்கு, எங்கள் மொழியின் முதல் சொல்லோ இறைவனை நோக்கியது என்றும் அவர் மகிழ்ந்தார்.

அந்த இறைவனை எப்படி அழைக்கிறது என்று பாருங்கள். லத்தீனில் 'தோமினுஸ்' என்றிருப்பதை 'துவேனோ' என்று எழுதுகிறார். அந்தச் சிறு பத்தியில் ஐந்துமுறை அந்தச் சொல் வருகிறது. இன்றைய ஸ்பானிய மொழியில் துவேன்யோ என்றால் உடைமையாளர். வீட்டுக்கு, கடைக்கு, நிலத்துக்கு, நாய்க்குச் சொந்தக்காரர். இறைவனை இப்போது யாரும் அப்படி அழைப்பதில்லை, வேறு சொல் இருக்கிறது. லத்தீன் மூலத்தில் 'இம்பேரியும்', அதாவது அதிகாரம், என்றிருக்கும் இடத்தில் அவர் 'மந்தாத்சியோனே', கட்டளை, என்று போடுகிறார். கடைசியில் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார்: அவன் முகத்துக்கு முன்னே மகிழ்ச்சியோடு நிற்கும்படியான ஊழியத்தை நாம் செய்ய வேண்டும் என்கிறார். உடையவன், கட்டளை, ஊழியம். இதைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தபோது எனக்கு 'ஆண்டவர்' என்று எழுத வரவில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் மிராசுதாரை அழைத்த சொல்தான் வந்தது: ஆண்டை. இரண்டும் ஒரே வேர். ஒன்றைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டோம், இன்னொன்றைக் களத்துமேட்டுக்கு. அந்தத் துறவியின் பேச்சில் இன்னும் பிரியவில்லை.

இதை வைத்து அவரை அடிமை மனம் படைத்தவர் என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பேசப்பட்ட மொழியில் தனக்கு மேலே இருக்கும் ஒருவரைச் சொல்ல இருந்த சொல் அது, அவ்வளவுதான். மடம் ஊருக்கு உடையவன், அரசன் மடத்துக்கு உடையவன், கிறிஸ்து எல்லாருக்கும் உடையவன். மக்கள் மொழி எழுத்தில் ஏறும்போது மக்களின் நிலைமையும் கூடவே ஏறிவிடுகிறது. லத்தீனில் மறைந்திருந்தது பேச்சில் அப்பட்டமாகத் தெரிகிறது. (ஐபீரியாவிலிருந்து வந்த மறைபரப்பாளர்கள் தமிழிலும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இறைவனுக்கு அவர் எடுத்த சொல்லும் தலைவன், உடையவன் என்ற பொருள் கொண்டதுதான். இத்தனைக்கும் அவர் மதம் மாறிய யூதக் குடும்பத்து வழிவந்தவர். இரத்தத் தூய்மை பார்த்த ஐபீரியச் சமூகத்தில் தாழ்ந்தவர். நம்மைக் குறிக்க ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட 'காஸ்ட்' என்ற சொல்லும் அந்த ஐபீரிய 'காஸ்தா'விலிருந்து வந்ததுதான். அது தனி உரைக்கான விஷயம்.)

மக்கள் மொழியில் எழுதினாலே அது மக்கள் பக்கம் நிற்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்த மடமே அதற்குப் பதில் சொல்கிறது. காஸ்தீலிய மொழியில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் கொன்சாலோ தெ பெர்செயோ. 13-ஆம் நூற்றாண்டு. பக்கத்து ஊரான பெர்செயோவில் பிறந்து, இந்த மடத்தில் வளர்ந்தவர். லத்தீனில் எழுதும் அளவுக்குத் தான் படித்தவனில்லை, அக்கம்பக்கத்தாரிடம் சனங்கள் பேசும் பேச்சில்தான் பாடுவேன், கூலியாக ஒரு கோப்பை நல்ல மது போதும் என்கிற பொருளில் அவர் ஒரு காப்பியத்தைத் தொடங்குவார். பாடப் புத்தகங்கள் இந்த எளிமையைக் கொண்டாடுகின்றன. ஆனால் அதே பெர்செயோ, மில்யானின் வாழ்க்கையை அதே எளிய மொழியில் பாடி முடிக்கும்போது, எந்த ஊர் என்ன கட்ட வேண்டும் என்ற அந்தப் போலிப் பட்டயத்தின் விவரத்தையும் செய்யுளாக்கி வைத்திருக்கிறார். லத்தீன் பட்டயத்தைக் குடியானவனால் படிக்க முடியாது. பாட்டைக் கேட்க முடியும். நிலுவையை நினைவூட்ட அவனுடைய மொழியைவிட நல்ல கருவி எது? பிரையன் டட்டன் என்ற ஆய்வாளர் 1967-இல் இதை விரிவாக எழுதியபோது, ஸ்பானிய இலக்கிய வரலாற்றின் வெகுளிக் கவிஞர் என்ற படம் ஆட்டம் கண்டது. பெர்செயோவின் மாதா அற்புதக் கதைகளில் யூதர்மீதான வெறுப்பும் அதே அக்கம்பக்கத்துப் பேச்சில்தான் வருகிறது.

மேல்மடத்தில் ஒரு சிறு பெண்ணின் நினைவும் உண்டு. ஓரியா. 11-ஆம் நூற்றாண்டு. சிறுவயதிலேயே சூசோவில் ஒரு சிற்றறைக்குள் சுவர் வைத்து அடைக்கப்பட்டு, இருபதுகளிலேயே இறந்தவள். அவள் கண்ட காட்சிகளை அவளுடைய ஆன்ம குருவான முன்யோ லத்தீனில் எழுதினார். அதை வைத்துப் பெர்செயோ ஸ்பானிய மொழியில் பாடினார். அவள் எந்த மொழியில் அழுதாள் என்பதற்கு எந்த ஓரத்திலும் குறிப்பில்லை.

மொழியின் தொட்டில் என்ற பட்டத்துக்குப் போட்டியாளர்கள் நிறைய. புர்கோஸ் மாகாணத்து வால்புவெஸ்தாவின் ஆவணங்களில் இதற்கு முந்தைய மக்கள் சொற்கள் இருப்பதாக இன்னொரு கட்சி. இந்த மடத்திலேயே 964-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு சொற்களஞ்சியத்தைக் காட்டுபவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது லெயோன் பகுதியிலிருந்து வரும் ஒரு துண்டுச் சீட்டு. 980-க்கு முன்னால் எழுதியது. ஒரு தான ஆவணத்தின் பின்பக்கத்தில், ஹிமெனோ என்ற மடத்து உக்கிராணத் துறவி, சீஸ் கட்டிகள் எங்கெங்கே போயின என்று கணக்கெழுதியிருக்கிறார். திராட்சைத் தோட்ட வேலை நடந்தபோது இத்தனை, அரசர் வந்தபோது நான்கு. முன்பக்கம் தானம், லத்தீன். பின்பக்கம் சோறு, பேச்சு மொழி. தொட்டில் என்று ஒன்று வேண்டும் என்றால் நான் இதற்குத்தான் வாக்களிப்பேன். ஆனால் சீஸ் கணக்குக்கு மன்னர்கள் விழா எடுக்க மாட்டார்கள்.

சான் மில்யானுக்கு எடுத்தார்கள். 1977-இல், காஸ்தீலிய மொழியின் ஆயிரமாவது ஆண்டு என்று. பிராங்கோ செத்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவருடைய ஆட்சியில் பள்ளியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் பாஸ்க் மொழி துரத்தப்பட்டிருந்தது. குழந்தைக்குப் பாஸ்க் பெயர் வைத்துப் பதிவு செய்யக்கூட முடியாது. அடுத்த ஆண்டு, 1978-இல், வந்த அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு காஸ்தீலியத்தை நாட்டின் அலுவல் மொழியாக்கி, அதை அறிந்திருப்பது எல்லாக் குடிமக்களின் கடமை என்றது. மற்ற மொழிகளுக்கு அந்தந்தப் பகுதியில் அலுவல் தகுதி கிடைத்தது, கடமை என்ற சொல் கிடைக்கவில்லை. இப்படி ஒரு வேளையில் தேசிய மொழிக்குப் பிறந்த வீடு ஒன்று தேவைப்பட்டது.

வீடு தேடியவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் கடந்தார்கள். அந்தக் குறிப்புகள் எழுதப்பட்டபோது லா ரியோஹா காஸ்தீல் அரசில் இல்லை. பம்ப்லோனா-நாஹெரா அரசர்களிடம் இருந்தது, 1076-இல்தான் காஸ்தீலின் கைக்கு வந்தது. ஓரத்தில் இருக்கும் பேச்சையும் இன்றைய மொழியியலாளர் பலர் காஸ்தீலியம் என்று சொல்வதில்லை. நவார்ரா-அரகோன் பகுதிப் பேச்சு என்கிறார்கள். இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. அதே புத்தகத்தில், அதே வகைக் குறிப்புகளாக, இரண்டு இடங்களில் பாஸ்க் மொழி இருக்கிறது. பாஸ்க் லத்தீனிலிருந்து பிறந்ததல்ல, ஐரோப்பாவின் எந்த மொழிக்கும் உறவில்லை. ரோமானியர் வருமுன்பே அங்கே இருந்த மொழி. அது தொடர்களாக எழுத்தில் கிடைப்பதில் மிகப் பழையவை என்று இந்த இரண்டையும்தான் நெடுங்காலம் காட்டிவந்தார்கள். தொட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் பிறந்தநாள் கொண்டாடினார்கள். இப்போதைய வழிகாட்டிப் பலகைகளில் பாஸ்க்கையும் குறிப்பிடுகிறார்கள், உண்மைதான். பெயர்ப்பலகையில் இரண்டாவது வரியாக.

பாஸ்க் மக்கள் இந்த மடத்தின் எழுத்தில் பெருமளவில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது வரிப் பட்டியல். மடத்தின் 700-க்கும் மேற்பட்ட ஆவணங்களை 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே ஏட்டில் படியெடுத்தார்கள். 'பெசெர்ரோ கலிகானோ' என்று பெயர். அதில் 1025-ஆம் ஆண்டு தேதியிட்ட பட்டியல் ஒன்று, ஆலவா பகுதியில் ஏறக்குறைய 300 ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. எல்லாம் மடத்துக்கு 'ரெஹா' கட்ட வேண்டிய ஊர்கள். ரெஹா என்றால் கலப்பைக் கொழு அளவு இரும்புப் பாளம். பழைய பாஸ்க் ஊர்ப்பெயர்களை ஆராய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. அந்த ஊர்களில் சில இன்று இல்லை. மக்கள் போய்விட்டார்கள், வீடுகள் இடிந்துவிட்டன. கட்ட வேண்டிய இரும்புக்காகப் பெயர் மட்டும் நிற்கிறது. மாணவத் தோழர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது, நம் மக்களைப் பற்றி எதுவுமே இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். காப்பியத்தில் தேடினால் இருக்காது. யார் என்ன பாக்கி என்று எழுதிய பக்கத்தில் தேடுங்கள். உடையவன் தனக்கு வரவேண்டியதை மறக்காமல் எழுதி வைப்பான்.

கடைசியாக அந்த இரண்டு பாஸ்க் குறிப்புகளில் ஒன்றைப் பார்த்துவிடலாம். அது வருவது ஒரு மறையுரையில். நல்ல கிறித்தவர்கள் வானதூதரோடு நிலைவாழ்வு பெறும்போது, நாம் நரகத்தில் தள்ளப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார் உரையாற்றுபவர். 'தள்ளப்படுவோம்' என்ற லத்தீன் சொல்லுக்கு நம்மவர் இரண்டு மொழியில் குறிப்பெழுதியிருக்கிறார். மக்கள் லத்தீனில், நாம் விழாமல் இருப்போமாக என்று பொருள்வரும்படி ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே பாஸ்க் மொழியில், நான்கே சொற்கள்: கெக் அயுத்து எஸ் துகு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளில் வேறெங்கோ ஒரே ஒரு தடவைதான் அவர் இந்த மொழிக்குப் போயிருக்கிறார். பயம் வந்த இடத்தில் தாய்மொழி வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அவருடைய தாய்மொழி எது என்பதற்கு இதைத் தவிர வேறு சான்றில்லை.

'கெக்' என்றால் நாங்கள். 'எஸ் துகு' என்பது நாங்கள் செய்யவில்லை, எங்களுக்கு இல்லை என்பதுபோன்ற எதிர்மறை. நடுவில் இருக்கும் 'அயுத்து' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் பாஸ்க் அறிஞர்கள் நூறாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். விழவில்லை என்கிறார்கள் சிலர், பொருந்தவில்லை என்கிறார்கள் சிலர், உதவி கிடைக்கவில்லை என்றும் ஒரு வாசிப்பு உண்டு. நாங்கள் என்பது தெரிகிறது, இல்லை என்பது தெரிகிறது. நடுச்சொல்லை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.